பீரோவில் பூட்டிய பூர்வீகம்

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் போட்டவரின் வம்சாவளி லண்டனில் பத்திரமாக இருக்கிறது. அந்தத் தோட்டத்தில் பழம் பறித்தவரின் வம்சாவளி எங்கே?

ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணிக்கொண்டே ஏறுவார்கள். ஏரியில் படகு, பகோடா பாயின்டில் படம், சேர்வராயன் குகைக் கோயிலில் ஒரு கும்பிடு, திரும்பும்போது மிளகும் காப்பித்தூளும். மாலையில் இறங்கிவிடுவார்கள். ஹோலி டிரினிட்டி தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் கால் வைக்கிறவர்கள் அபூர்வம்.

தமிழ் படித்தவர்கள் ஒருமுறையாவது போய் நிற்க வேண்டிய இடம் அது. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கிய பீட்டர் பார்சிவல், 'தினவர்த்தமானி' இதழை நடத்தியவர், தமிழ்ப் பழமொழிகளைத் தேடித் தேடித் தொகுத்தவர், 1882-ல் ஏற்காட்டில்தான் காலமானார். அவருடைய மகளை மணந்தவர் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கையில் எடுத்து, பழைய கற்கால மனிதன் இந்தியாவிலும் வாழ்ந்தான் என்று உலகுக்குச் சொன்னவர். ஓய்வுக்குப் பிறகு அவரும் இந்த மலையிலேயே குடியிருந்தார். 1912 டிசம்பரில் கல்கத்தாவில் இறந்தபோதும், அவரை நினைவுகூரும் கல் இங்கேதான் இருக்கிறது. மாமனாருக்கும் மருமகனுக்கும் ஒரே மலை, ஒரே தேவாலயம்.

பார்சிவல் எந்த ஊரில் ஊழியம் செய்தார், யாருக்கு மாமனார் ஆனார் என்பதையெல்லாம் இன்று யாரும் உட்கார்ந்த இடத்தில் தெரிந்துகொள்ளலாம். அவருடைய சவப்பெட்டியைத் தோளில் தூக்கியவர்கள் யார்? குழி வெட்டியவர் யார்? வீட்டில் சமைத்துப் போட்டவர் யார்? அவர்களுக்கும் பிள்ளைகள் இருந்திருப்பார்கள். அந்தப் பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் இன்று சேலத்திலோ, பெங்களூரிலோ, துபாயிலோ இருப்பார்கள். பல லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய மனிதனின் தடத்தைக் கண்டுபிடித்தவர் வாழ்ந்த மலையில், நூறாண்டுக்கு முந்தைய தன் பூட்டியின் பெயரை ஒரு தமிழரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

முடியவே முடியாது என்றால் விட்டுவிடலாம். பெயர் எழுதப்பட்டிருக்கிறது, எழுதிய நோட்டு எந்தப் பீரோவில் என்பதுதான் தெரியவில்லை. அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

கடல் தாண்டியவரும் மலை ஏறியவரும்

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர் எம்.டி. காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பியை ஊன்றினார். அதன் பிறகு தோட்டங்கள் பெருகின. தோட்டம் என்றால் துரைக்கு ஒரு பங்களா. பங்களாவுக்கு ஒரு பட்லர், ஓர் ஆயா, ஒரு குதிரைக்காரர். கொஞ்சம் தள்ளி வரிசையாக லைன் வீடுகள். அவை நிறைய, மேஸ்திரி முன்பணம் கொடுத்துச் சமவெளியிலிருந்து கூட்டிவந்த ஆட்கள்.

அதே காலத்தில் சென்னைத் துறைமுகத்தில் மொரிஷியஸுக்குக் கப்பலேறிய ஒரு கூலியாளுக்கு என்ன எழுதப்பட்டது தெரியுமா? அவருக்கென்று ஓர் எண், கப்பலின் பெயர், சொந்த ஊர், தகப்பன் பெயர், வயது, உயரம், சாதி. பிற்பாடு புகைப்படமும் சேர்ந்தது. அந்தப் பேரேடுகள் இன்று மொரிஷியஸின் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. 2015-ல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. பாட்டனின் எண் கைக்குக் கிடைத்தால், எந்த ஊரிலிருந்து வந்தோம் என்பதை அங்குள்ள தமிழர் தெரிந்துகொள்ளலாம்.

சேலத்திலிருந்து ஏற்காடு முப்பது கிலோமீட்டர். அந்த முப்பது கிலோமீட்டருக்கு யாரும் சீட்டு எழுதவில்லை. அடிவாரத்தில் நின்று ஊர் கேட்ட அதிகாரி இல்லை. தோட்டங்களில் பேர்ப்பதிவும் சம்பளக் கணக்கும் இருந்திருக்கும். தோட்டம் நாலு கை மாறிய பிறகு பழைய கணக்கு நோட்டை யார் கட்டிக் காப்பார்கள்? கடல் தாண்டியவருக்குக் காகிதம் உண்டு. மலை ஏறியவருக்கு இல்லை. அடிமை வாழ்வுக்குச் சற்றே மேலான ஒரு வாழ்வைத் தேடிக் கிளம்பிய இருவரில், தூரமாகப் போனவருக்குத்தான் வரலாறு வாய்த்தது.

இதில் ஒரே விதிவிலக்கு, மலை ஏறிய பிறகு தேவாலயப் படியும் ஏறியவர்கள். பிள்ளைக்கு ஞானஸ்நானம், கல்யாணம், சாவு என்று வாழ்நாளில் மூன்று முறையாவது அவர்கள் பெயர் மையில் விழுந்தது. துரைக்கு எழுதிய அதே வகை மை, அதே வகை நோட்டு.

லண்டனுக்குப் போன பிரதி

மையும் நோட்டும் ஒன்றாக இருந்தும் கதி ஒன்றாக இல்லை. சென்னைக் கோட்டையின் புனித மேரி தேவாலயம் 1680-ல் திறக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் அங்கே நடந்த எலிஹு யேலின் திருமணம் அதன் பதிவேட்டில் முதல் திருமணம். அப்போது தொடங்கிய பழக்கம் பிறகு விதியாயிற்று. சென்னை மாகாணத்தில் கம்பெனிப் பாதிரிமார்கள் நடத்திய ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் அனைத்துக்கும் பிரதி எடுத்து லண்டனுக்கு அனுப்பினார்கள். கம்பெனி போய் மகாராணி வந்த பிறகும் அது நிற்கவில்லை. வங்காளம், சென்னை, பம்பாய் என மூன்று மாகாணங்களுக்கும் தனித்தனி வரிசையாக அவை பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. இப்போது கணினியில் ஏறிவிட்டன. கட்டணம் கட்டினால் வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

கல்லறைகளுக்கும் கணக்கு எடுத்துவிட்டார்கள். சென்னை மாகாணத்துக் கல்லறை வாசகங்களை ஊர் ஊராகத் தொகுத்து ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905-லேயே நூலாக்கினார். தெற்காசியாவின் ஐரோப்பியக் கல்லறைகளைக் கவனிக்க 1976-ல் பிரிட்டனில் ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களைத் தேடுவதற்கென்றே 1998-ல் இன்னொரு சங்கம். ஆஸ்திரேலியாவில் இருக்கும் தோட்டக்காரர் வம்சத்துப் பெண் ஒருத்தி, தன் முப்பாட்டனின் ஞானஸ்நான வரியை ஒரு காப்பி ஆறுவதற்குள் எடுத்துவிடலாம். அதில் எனக்குப் பொறாமை இல்லை. அவர்கள் உழைத்துச் சேர்த்தது.

ஆனால் லண்டனுக்குப் போன பிரதிகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்களும் ஆங்கிலோ-இந்தியர்களும்தான். தமிழ்க் கிறித்தவர் பெயர்கள் ஆங்காங்கே தலைகாட்டுவதோடு சரி. அவர்களுடைய ஏடுகள் அந்தந்த மிஷனிலேயே தங்கின. இந்த வட்டாரத்தில் மிஷன் ஒன்றல்ல. தத்துவ போதகர் என்று நாம் அறிந்த ராபர்ட் தெ நோபிலி 1623-லேயே சேந்தமங்கலம் வழியாகச் சேலம் வந்தவர். பிற்காலத்தில் கத்தோலிக்கர்களைக் கவனித்தவர்கள் பாரீஸ் வேதபோதக சபையின் பிரெஞ்சுக் குருக்கள். அவர்களுக்குத் தலைமையிடம் புதுச்சேரி. சேலம் தனி மறைமாவட்டமானது 1930-ல்தான். லண்டன் மிஷன் 1827-ல் ஹென்றி கிறிஸ்ப் மூலம் சேலத்தில் கால் ஊன்றியது. சேர்வராயன் மலையில் டென்மார்க்கின் லுத்தரன் மிஷனும் வேலை செய்தது. அதன் வழிவந்தது இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபை. 1947-ல் ஆங்கிலிக்கனும் லண்டன் மிஷனும் தென்னிந்தியத் திருச்சபைக்குள் ஒன்றாயின.

ஆகவே, ஏற்காட்டில் பூர்வீகம் தேடுகிறவர் முதலில் கேட்க வேண்டியது, 'எந்தச் சபை?' அடுத்தது, 'அந்த வருஷத்தில் இந்த ஊர் எந்தப் பங்கில் இருந்தது?' இன்று தனிப் பங்காக இருக்கும் ஊர் அன்று ஒரு தாய்ப் பங்கின் கிளையாக, குருவானவர் மாதம் ஒருமுறை குதிரையில் வந்துபோன இடமாக இருந்திருக்கும். ஏடு அந்தத் தாய்ப் பங்கில் இருக்கும். இந்த ஒரு விஷயம் தெரியாமல், 'உங்கள் வருஷத்து நோட்டு இங்கே இல்லை' என்ற பதிலோடு பலர் திரும்பிவிடுகிறார்கள்.

ஓரத்தில் எழுதியது

பதிவேட்டின் ஒரு வரியை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஆங்கிலிக்கன் ஞானஸ்நான ஏட்டில் அச்சடித்த கட்டங்கள் இருக்கும். 1812-ல் இங்கிலாந்தில் வந்த சட்டம் வகுத்த கட்டங்களின் சாயல் அவை. ஞானஸ்நான தேதி, பிறந்ததாகச் சொல்லப்படும் தேதி, பிள்ளையின் பெயர், தாய் தந்தை பெயர், குடியிருக்கும் இடம், தகப்பனின் தொழில், கொடுத்த குருவின் கையொப்பம். குடியிருக்கும் இடம் என்ற கட்டத்தில் தோட்டத்தின் பெயர் விழுந்திருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். எந்தத் துரையின் தோட்டம் என்று பிடித்துவிட்டால், அங்கிருந்து வேறு காகிதங்களுக்கு வழி பிறக்கும்.

கத்தோலிக்க ஏட்டில் கட்டம் குறைவு, லத்தீன் அதிகம். பழகிவிட்டால் பயம் இல்லை. பத்துச் சொல் போதும். நாத்துஸ் என்றால் பிறந்தவன். பத்ரினுஸ் ஞானத்தகப்பன், மாத்ரினா ஞானத்தாய். உக்ஸோர் மனைவி. ஒபீத் என்றால் இறந்தார். செபுல்துஸ் என்றால் அடக்கம் செய்யப்பட்டவர். ஞானப்பெற்றோர் பெயரைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அவர்கள் பெரும்பாலும் தாய்மாமனாகவோ அத்தையாகவோ இருப்பார்கள். தாய்வழி உறவின் நுனி அந்த இரண்டு பெயர்களில்தான் மாட்டும்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது ஓரக்குறிப்பு. 1908 முதல் நடைமுறைக்கு வந்த ரோமாபுரி ஆணைப்படி, ஒருவர் எந்த ஊரில் திருமணம் செய்தாலும் அந்தச் செய்தி அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு எழுதி அனுப்பப்பட வேண்டும். அங்கே அவர் பெயருக்குப் பக்கத்தில் ஓரத்தில் குறிக்கப்பட வேண்டும். மலையில் ஞானஸ்நானம் பெற்ற ஒரு பெண் கோலார் தங்கவயலில் கல்யாணம் செய்துகொண்டால், அந்தச் செய்தி கடிதமாக மலை ஏறி வந்து அவள் பிறந்த வரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ள வேண்டும் என்பது விதி. விட்டுப்போனவர்களின் முகவரியைப் பெற்ற ஊர் வைத்திருக்கும் ஏற்பாடு இது. நம் சர்க்காரின் பிறப்புப் பதிவேட்டில் இப்படி ஓர் ஓரம் கிடையாது.

இப்படி ஒரு நோட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்தது மலையில் அல்ல, சமவெளியில் ஒரு பங்கில். நண்பர் ஒருவருக்குத் தாத்தாவின் ஞானஸ்நானச் சான்று வேண்டியிருந்தது. உபதேசியார் பீரோவைத் திறந்தார். அந்துருண்டை வாசனை வந்தது. நோட்டை மேசையில் வைத்து, விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் பக்கம் புரட்டினார். நாலாவது பக்கத்தில் ஒரு மூலை அப்பளம் போல முறிந்து மேசையில் விழுந்தது. நான் பதறியதைப் பார்த்து, "எழுத்து இல்லாத எடந்தான் சார், பயப்படாதீங்க" என்றார். துணுக்குகளைக் கையாலேயே கூட்டிக் குப்பைத்தொட்டியில் போட்டார். அவர்மேல் குறை சொல்ல மாட்டேன். அந்த நோட்டு அன்றுவரை இருந்ததே அவர் கொடுத்த அந்துருண்டையால்தான்.

ராயப்பன் எங்கே, பேத்ருஸ் எங்கே?

தேடுகிறவர் தடுக்கி விழும் இடம் பெயர். வீட்டில் ராயப்பன், ஏட்டில் பேத்ருஸ். வீட்டில் சின்னப்பன், ஏட்டில் பவுலுஸ். அருளப்பன் என்றால் யோவான்னஸ், சூசை என்றால் யோசேப்புஸ், சந்தியாகுவும் யாகப்பனும் ஒரே யாக்கோபுஸ். ஞானப்பிரகாசத்தைத் தேடினால் அலோய்சியுஸ் வருவார். இது பெயர் மாற்றம் அல்ல, மொழிபெயர்ப்பு. பவுலுஸ் என்ற லத்தீன் சொல்லுக்குச் சிறியவன் என்று பொருள். அதைச் சின்னப்பன் ஆக்கிய தமிழறிவைப் பாராட்டத்தான் வேண்டும். அந்த அழகு தேடுகிறவர் கண்ணைக் கட்டிவிடுகிறது என்பதுதான் சங்கடம்.

இதோடு பிரெஞ்சுக் குருக்களின் எழுத்துக்கூட்டல் சேர்கிறது. 'உ' என்ற ஓசைக்கு அவர்கள் ஓ, யூ என்று இரண்டு எழுத்து போடுவார்கள். முத்து அகரவரிசையில் இடம் மாறிப் போய்விடுவார். ஆங்கிலப் பாதிரியார் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். கணினியில் பெயரைத் தட்டி, 'கிடைக்கவில்லை' என்று வந்ததும் மூடிவிடுகிறவர் பாதியில் திரும்புகிறவர். இந்தப் பெயர்ச் சோடிகளை ஒன்றாகப் பொருத்தி ஒரு பட்டியல் போட தமிழ் தெரிந்தவரால்தான் முடியும். லண்டனிலோ அமெரிக்காவிலோ இருந்து எந்த நிறுவனமும் அதை நமக்காகச் செய்யாது.

பெயரே இல்லாத வரிகளும் உண்டு. கம்பெனிக் கால ஞானஸ்நான ஏடுகளில் பிள்ளைக்குப் பெயர் இருக்கும், தகப்பனுக்குப் பெயரும் பதவியும் இருக்கும். தாய் என்ற இடத்தில் 'சுதேசிப் பெண்' என்று மட்டும் இருக்கும். வரலாற்றாசிரியர் துர்பா கோஷ் 2006-ல் வெளியிட்ட நூலில் இந்தப் பெயரழிப்பை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் பலவற்றில் தகப்பன் வழி ஸ்காட்லாந்து வரை போகும். தாய் வழி அடுத்த தெருவைத் தாண்டாது. அந்தத் தாய் ஒரு தமிழச்சியாக இருந்திருக்க நிறைய வாய்ப்பு. அவள் பெயர் அவளுடைய அண்ணன், தம்பி பிள்ளைகளின் ஏட்டில், ஞானத்தாய் என்ற இடத்தில் இருக்கக்கூடும். வெள்ளைக்காரர் ஏட்டையும் தமிழர் ஏட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற அன்றுதான் அவள் வெளியே வருவாள்.

இன்னொரு வகை வரியும் இருக்கிறது. தாது வருஷப் பஞ்சத்தின் வரி. 1871 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 19 லட்சத்து 67 ஆயிரம். 1881-ல் அது 16 லட்சமாகச் சுருங்கியது. நடுவில் வந்தது 1876-78 பஞ்சம். அந்த ஆண்டுகளில் பெற்றோர் இறந்த பிள்ளைகளைத் தென்னிந்தியா எங்கும் மிஷன்கள் எடுத்து வளர்த்தன. அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஊர் பெயர் தெரிந்தால் ஊர் எழுதினார்கள். தெரியாவிட்டால் பெற்றோர் அறியப்படாதவர் என்று லத்தீனில் இரண்டு சொல். சில குடும்பங்களுக்கு வம்சம் ஆதாம் ஏவாளிலிருந்து அல்ல, அந்த இரண்டு சொல்லிலிருந்து தொடங்குகிறது.

ஆண்ட பரம்பரைக்கு ஒரு மருந்து

பூர்வீகம் தேடுவது என்றதும் நம் ஊரில் ஒரு சங்கடம் உடனே எழும். சுவரொட்டிகளைப் பாருங்கள், எல்லோரும் ஆண்ட பரம்பரை. பூர்வீக ஆராய்ச்சி இன்னொரு சாதிப் பெருமைக்கு எரிபொருளாகுமோ என்ற அச்சம் நியாயமானது. தேவாலயப் பதிவேடு அந்த நோய்க்கு மருந்து என்பேன். தொழில் என்ற கட்டத்தில் ராஜா என்று எழுதியிருக்காது. கூலி, சமையல், ஆயா, மேஸ்திரி, கொத்தன் என்றிருக்கும். பஞ்சத்தில் ஊரை விட்டவர், மலையில் வேலை தேடியவர், பிள்ளை பிறந்து மூன்றாம் நாள் சாகக் கொடுத்தவர். அடக்க ஏட்டைப் புரட்டினால் வயது என்ற கட்டத்தில் நாள்களும் மாதங்களும்தான் அதிகம் இருக்கும். அதைப் படித்தவர் கொடி பிடிக்க மாட்டார். கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார்.

இந்த ஏடுகளுக்கு வெளியே இருப்பவர்களையும் மறக்கக் கூடாது. சேர்வராயன் மலையின் மூத்த குடிகள் மலையாளிப் பழங்குடியினர். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் மூவரில் பெரியண்ணன் வழியினர் சேர்வராயன் மலையிலும், நடுவண்ணன் வழியினர் பச்சைமலையிலும், சின்னண்ணன் வழியினர் கொல்லிமலையிலும் தங்கினார்கள் என்பது அவர்கள் சொல்லும் கதை. அவர்கள் பூர்வீகம் வாயிலும் வழிபாட்டிலும் இருக்கிறது. ஏட்டில் பெயர் இல்லாததால் அவர்களுக்கு வரலாறு குறைந்துவிடாது. மையும் தாளும் ஒரு வகைச் சாட்சி, அவ்வளவே. ஆனால் தாளில் இருப்பது கெட்டுப்போனால், வாய்மொழியைப் போல அதை யாரும் திரும்பச் சொல்ல முடியாது.

பூட்டுக்கும் ஒரு நியாயம் உண்டு

இவ்வளவு இருந்தும் பங்குத்தந்தைகளும் ஆயர்களும் பீரோவைத் திறக்கத் தயங்குவது ஏன்? சோம்பல் என்று தள்ளிவிட முடியாது. 1950-ம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை இந்துக்களுக்கும், பின்னர் சேர்க்கப்பட்ட சீக்கியர், பௌத்தர்களுக்கும்தான் பொருந்தும். தலித் கிறித்தவர் அந்த வட்டத்துக்கு வெளியே. 2024 நவம்பரில், புதுச்சேரிப் பெண் ஒருவருக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் மறுக்கப்பட்டது சரிதான் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குழந்தையாக இருந்தபோது அவர் ஞானஸ்நானம் பெற்ற பதிவும் அந்த வழக்கில் எடுத்துக்கொள்ளப்பட்ட சான்றுகளில் ஒன்று. பாட்டியின் பெயரைத் தேடித் தரும் அதே ஏடு, பேத்தியின் சான்றிதழைப் பறிக்கவும் பயன்படலாம். பழங்குடியினருக்கு மதம் தடையில்லை, தலித்துகளுக்குத் தடை. இந்தச் சட்டம் இருக்கிற வரை, ஞானஸ்நான ஏடு ஒரு குடும்பத்தின் வயிற்றில் அடிக்கக்கூடிய காகிதம்.

இன்னொன்று, மானம். தகப்பன் பெயர் இல்லாத வரி, சாதி எழுதிய வரி, அனாதை என்று எழுதிய வரி. கிராமத்தில் இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு யாரையும் குத்திக்காட்டலாம். குருவானவர் பூட்டி வைப்பதில் ஒரு கருணையும் இருக்கிறது.

ஆகவே, எல்லாவற்றையும் இணையத்தில் கொட்டுங்கள் என்று நான் கேட்க மாட்டேன். காக்பர்னின் சொந்த நாட்டில் இதற்கு எளிய வழி வைத்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் அரசுப் பதிவுகளில் பிறப்பு நூறாண்டு கழித்தும், திருமணம் 75 ஆண்டு கழித்தும், இறப்பு 50 ஆண்டு கழித்தும்தான் இணையத்தில் படமாகத் திறக்கப்படும். உயிரோடு இருப்பவருக்குப் பாதுகாப்பு, இறந்தவருக்குப் பெயர். நமக்கு இதைவிடக் கொஞ்சம் கறாராக வேண்டும். பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் தேடலுக்கு வைக்கலாம். சாதியை எந்தப் பட்டியலிலும் ஏற்றக் கூடாது. தகப்பன் பெயர் இல்லாத வரிகளை அந்தக் குடும்பத்தாருக்கு மட்டும் காட்டலாம்.

படம் எடுப்பது வேறு, திறப்பது வேறு

விவாதம் எப்போதும் இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவதால்தான் ஒன்றுமே நடக்காமல் போகிறது. யாருக்குக் காட்டுவது என்பதை ஆயர் பேரவைகளும் திருமண்டலங்களும் பத்து வருஷம் கூடிப் பேசட்டும். தாள் அவ்வளவு காலம் காத்திருக்காது. ஏற்காட்டில் பனியும் மழையும் மாறி மாறி வரும். பீரோவுக்குள் துணியே பூசணம் பிடிக்கும். அந்தக் காலத்து இரும்பு மை, எழுதிய இடத்திலேயே தாளை மெல்ல மெல்ல அரிக்கும். பழைய ஏடுகளைக் கவனமாகக் காக்க வேண்டும் என்பது 1983-ல் வந்த கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்திலேயே இருக்கிறது. புதிதாக ஒரு விதியும் தேவையில்லை.

முதல் வேலைக்குச் செலவே இல்லை. ஒவ்வொரு பங்கும், ஒவ்வொரு சேகரமும் தன்னிடம் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை எத்தனை ஏடு இருக்கிறது என்று ஒரு பக்கத்தில் எழுதி வெளியிடட்டும். அதில் யார் பெயரும் வராது, யார் மானமும் போகாது. தேடுகிறவருக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியும்.

இரண்டாவது வேலைக்கு ஒரு நல்ல கைபேசி, ஒரு தாங்கி, சன்னல் வெளிச்சம், இரண்டு சனிக்கிழமை, பங்கின் இளைஞர் குழுவில் பொறுமையான நாலு பேர் போதும். பக்கத்தை விரித்து அழுத்தக் கூடாது. லேமினேஷன் செய்யவே கூடாது. கிழிந்த இடத்தில் செலோடேப் கூடாது. எடுத்த படங்களின் ஒரு பிரதி பங்கில், ஒன்று மறைமாவட்டத்தில், ஒன்று தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓர் ஆவணக் காப்பகத்தில். எழும்பூரில் அரசு ஆவணக் காப்பகம் இருக்கிறது. ரோஜா முத்தையா நூலகம் போன்று இதில் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அழியும் நிலையில் உள்ள ஆவணங்களுக்கென்றே பிரிட்டிஷ் நூலகம் 2004 முதல் உதவித் திட்டம் நடத்துகிறது. கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

மூன்றாவது வேலை நம்முடையது. ஏட்டைத் தேடிப் போவதற்கு முன் வீட்டில் தேடுங்கள். பாட்டியின் ஜெபப் புத்தகத்து முதல் பக்கம், குடும்ப பைபிளின் பின் அட்டை, கல்யாண ஓலை வாசித்த சீட்டு, பழைய கடித உறையில் தோட்டத்தின் பெயர். பாட்டி இருந்தால் அவரிடமே கேளுங்கள்; அவருடைய ஞானத்தாய் யார் என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை அவரிடம் இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

பார்சிவல் தொகுத்திராவிட்டால் எத்தனையோ பழமொழி காற்றோடு போயிருக்கும். ஃபூட் குனிந்து எடுத்திராவிட்டால் அந்தக் கல் ஜல்லியோடு ஜல்லியாக ரோட்டுக்குப் போயிருக்கும். அவர்கள் உறவாடிய மலையில் நமக்கு அவ்வளவு பெரிய வேலை ஒன்றும் இல்லை. எழுதி வைத்ததைக் காப்பாற்றினால் போதும். அன்று மேசையில் விழுந்தது எழுத்து இல்லாத இடம்தான், உபதேசியார் சொன்னது உண்மை. ஆனால் தாள் ஓரத்திலிருந்துதான் முறியும். அந்த ஓரத்தில்தான், பிறந்த ஊரை விட்டுப்போன பெண்களின் கல்யாணச் செய்தி எழுதியிருக்கிறது.